கண்ணாடி முழுசாக இருக்கிறது

எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது தயங்கினால், "அத்தை மாதிரி நிக்காத" என்பார்கள். இப்படிப் பேச்சில் அடிபடுகிறவள் என் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்தாறு. தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்கிறாள்.

"அந்தப் பூட்டு சாவி போட்டுத் தேயல, உன் அத்தை இழுத்து இழுத்தே தேஞ்சுபோச்சு" என்பாள் அம்மா.

சலவைக் கடையில் இஸ்திரி போடும் மாமா, அதாவது அத்தையின் கணவர், அம்மாவுக்கு ஒரு படி மேல். "கல்யாணம் ஆன புதுசுல நான் தும்மினாக்கூட பக்கத்து ரூமுக்கு ஓடிருவா. இப்ப பரவால்ல, தேறிட்டா. சுவத்தோரமா ஒதுங்கி நின்னுக்கிறா."

"சுவத்தோரமா நான் நிக்கவே மாட்டேன்" என்பாள் அத்தை. மற்றவர்கள் சிரிக்கும்போது அவள் சிரிப்பதில்லை.

அவள் சொல்வது உண்மைதான். அவர்கள் வீட்டில் அறையின் நட்ட நடுவில்தான் கட்டில் கிடக்கும். நான்கு பக்கமும் ஒரு முழம் இடம் இருக்கும். சின்ன வயதில் அங்கே போனால் கட்டிலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவோம். ஏன் அப்படிப் போட்டிருக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. கடைசிப் பரீட்சை முடிந்து, முடிவு வருவதற்காக நான் வீட்டில் உட்கார்ந்திருந்த இந்த மழைக்காலத்தில்தான் அது தெரிந்தது.

மலைமேல் ஒரு பழைய பௌத்தக் கோயில் இடிந்து கிடக்கிறது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பாறையின் இடுப்பில் கறுப்பாக ஒரு வாய் தெரியும். அதுதான் பெரிய மண்டபத்தின் வாசல். மண்டபத்தின் ஒரு பக்கம் பாறையைக் குடைந்தது. இன்னொரு பக்கம் பெரிய பெரிய கற்களை அடுக்கிக் கட்டியது. மேலே கல் பலகைகள் கூரையாகக் கிடக்கின்றன. பார்க்க ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். அத்தை அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள்.

தரையில் ஒரே இடத்தில் தினமும் காலையில் ஒரு சிட்டிகை மண் கிடக்கும். அவளுக்கு முன்னால் பெருக்கியவர்கள் அதையும் சேர்த்துப் பெருக்கிப் போட்டார்கள். அத்தைக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று பயம். மாலையில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போய், காலையில் முதல் வேலையாக அதைப் பார்ப்பாள். ஒரு நாள் ஒரு சிட்டிகை, மழை பெய்த மறுநாள் இரண்டு சிட்டிகை. பயம் தாங்காமல், கோயிலைப் பராமரிக்கும் அலுவலகத்தில் சொன்னாள். வெளியூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கட்டிய சுவர் பாறையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. ஏழு இடத்தில் விரிசல்.

அவர் ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு வைத்தார். விரல் அகலம், ஒரு சாண் நீளம், அப்பளம் போல மெல்லியது. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு உருண்டை சாந்து, அந்தப் பக்கம் ஒரு உருண்டை சாந்து, இரண்டிலும் கண்ணாடியின் நுனிகள் பதிந்திருக்கும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். அதைக் காலையும் மாலையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது என்ஜினியர் அத்தையைக் காட்டினாராம். "இந்தம்மாவே பாக்கட்டும். தைரியசாலிங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது."

அத்தையை வாழ்நாளில் யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. பதினோரு வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவக்கும்.

வேலைக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். ஒரு விசில். கூடவே ஒரு விதி. கண்ணாடி உடைந்திருந்தால் அத்தை யாரையும் கேட்காமல் மண்டபத்தை மூடலாம். உடையாதவரை மூடும் அதிகாரம் கீழே அலுவலகத்தில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு மட்டும்தான். நோட்டில் அவள் எழுதியது பெரும்பாலும் ஒரே வரி: கண்ணாடி முழுசாக இருக்கிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடைநாளில் ஐந்தாம் எண் கண்ணாடி உடைந்தது. அத்தை விசிலை ஊதினாள். மண்டபத்தில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். டைப்ரைட்டர் பழுது பார்ப்பவர் ஒருவர், எழுபது வயதுக்காரர், படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிறகு என்ஜினியர் வந்து பார்த்தால் சுவர் அசையவே இல்லை. புதிதாக வைத்த சாந்து கோடைச் சூட்டில் வேகமாகக் காய்ந்து சுருங்கி, கண்ணாடியை இழுத்து உடைத்திருந்தது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அத்தைக்குப் பெயர் "புலி வருது". இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஆனால் அத்தையை அரித்தது அது இல்லை. மாதம் ஒரு முறை அவள் அந்த டைப்ரைட்டர்காரர் தெருவுக்குப் போவாள். உள்ளே கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நிற்பாள். கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிடுவாள். இதை மாமாதான் எனக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கேலி செய்யவில்லை.

அதற்கப்புறம் அத்தை தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணாடிக்குக் கொஞ்சம் மேலே, விரிசலின் குறுக்கே, பழைய நோட்டுக் காகிதத்தில் ஒரு கீற்று கிழித்து மைதாப் பசையால் ஒட்டினாள். சாந்து சுருங்கினால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. சுவர் நகர்ந்தால் மட்டும்தான் கிழியும். மேற்பார்வையாளருக்கு அது பிடிக்கவில்லை. "கோயில்மா இது, தபாலாபீஸ் இல்ல" என்று பிய்க்கச் சொன்னார். கண்ணில் படும் இடங்களில் பிய்த்தாள். ஐந்தாம் எண்ணில் தூணின் மறைவில் ஒட்டியிருந்ததை மட்டும் விட்டுவைத்தாள்.

நான் மேலே போனது அம்மா துரத்தியதால். "வீட்டுக்குள்ள குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாத. அத்தை கூடப் போய் அந்த மலையையாவது பாத்துட்டு வா. பொறந்ததுல இருந்து அடிவாரத்துல கெடக்க, ஒரு தடவ ஏறிருக்கியா?"

ஏறியதில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அறுநூறு படிகளுக்கு மேல். அத்தை எனக்கு முன்னால் ஏறினாள். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இவ்ளோ நேரம் கேக்குற?"

"ஒண்ணுமில்லன்னு தெரியணும்ல கண்ணு."

மேலே போனதும் முதலில் தெரிந்தது செங்கல் தூபி. மேல்பாதி போய், புல் முளைத்து ஒரு மேடாக நின்றது. அதைச் சுற்றிக் கல் பாவிய வெட்டவெளி. ஒரு ஓரத்தில் துறவிகளின் அறைகள் வரிசையாக இருந்தன. கூரை இல்லை. ஒவ்வொரு அறையிலும் ஒரு கல் படுக்கை, தலைமாட்டில் தலையணை போலச் செதுக்கிய மேடு. அந்தக் கல் தலையணைகளில் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை பேர் தலை வைத்திருந்தால் கல்லில் பள்ளம் விழும் என்று நினைத்தேன். அதில் கை வைக்கப் போய் எடுத்துக்கொண்டேன்.

பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்தது போல இருந்தது. உள்ளே ஈரமான பழைய குளிர். உள்கோடியில் புத்தர் உட்கார்ந்திருந்தார். தலை இல்லை. கழுத்தோடு போயிருந்தது. ஒரு தோளும் இல்லை. ஆனால் மடியில் இருந்த இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, விரல் நுனிகூட உடையாமல் இருந்தன. தலை இல்லாதது எனக்குப் பயமாகத் தெரியவில்லை. தலைக்கு அப்படி ஆன பிறகும் அந்தக் கைகள் பதறாமல் இருந்ததுதான் என்னவோ செய்தது.

அத்தை ஏழு கண்ணாடிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் எட்டி அந்தக் காகிதத்தையும் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். மண்டபத்துக்குள் அவள் நடந்த விதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் நடக்கிற மாதிரி நடந்தாள்.

பதினோரு மணிக்கு ஓய்வுபெற்ற நர்சுகள் வந்தார்கள். இருபத்தாறு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒரே நிறத்தில் தொப்பி. அவர்கள் வந்ததும் மலையே கலகலவென்று ஆகிவிட்டது. அவர்களுக்குத் தலைவி ஒரு உயரமான அம்மா. எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

"இவருக்குத் தலைவலியே வராது, குடுத்துவச்ச மனுஷன்" என்றார் ஒருவர், புத்தரைப் பார்த்து.

"கைய எவ்ளோ அழகா வச்சிருக்காரு பாரு. ஊசி போட வந்தா நம்ம பேஷண்டுங்க இப்படியா இருந்தானுங்க?"

நானும் சிரித்தேன். அவர்களோடு தூபியைச் சுற்றினேன். அப்போதுதான் மழை பிடித்தது. மலைமேல் மழை தூறி ஆரம்பிப்பதில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போல வந்தது. கூரை இருக்கும் ஒரே இடம் பெரிய மண்டபம். எல்லாரும் உள்ளே ஓடினோம். வாசல் பக்கம் சாரல் அடித்ததால் நர்சுகள் உள்ளே தள்ளிப் போய், கட்டிய சுவரை ஒட்டியிருந்த கல் திண்டில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

மழை வந்தால் அத்தை எல்லாக் கண்ணாடியையும் மறுபடி பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுவரோரமாகவே வந்தாள். ஐந்தில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். டார்ச் வெளிச்சம் தூணின் மறைவிலேயே நின்றது.

"இங்க வா" என்றாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. போனேன். "உன் கண்ணு நல்ல கண்ணு. இதப் பாத்துச் சொல்லு."

காகிதம் நடுவில் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழாக, நேராக. கிழிந்த ஓரம் புத்தம் புதிதாக வெள்ளையாக இருந்தது.

"காலைல முழுசா இருந்துச்சு. நீயும்தான் கூட இருந்த."

"கண்ணாடி நல்லாத்தானே இருக்கு அத்தை?"

அவள் கண்ணாடியின் இடது நுனியைப் பிடித்திருந்த சாந்து உருண்டையை நகத்தால் தொட்டாள். அது ஆடியது. விழப்போகிற பால் பல் போல, சுவரில் ஒட்டாமல் ஆடியது.

"இது நான் வச்சது" என்றாள். "பழசுல சாந்து உதிர்ந்துருச்சுன்னு நாலு மாசம் முன்னாடி மாத்தினேன். அன்னைக்கும் மழை. சுவரு ஈரம். விளக்க வச்சுக் காயவச்சுட்டுத்தான் சாந்து வைக்கணும். அரைமணி நேரம் இதுக்குக் கீழயே நிக்கணும்டி. எனக்குப் பயமா இருந்துச்சு. ஈரத்துலயே அப்பிட்டு ஓடிட்டேன்."

அவள் சொன்னது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இடது பக்கச் சாந்து சுவரைப் பிடிக்கவே இல்லை. கண்ணாடி வலது பக்கத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் ஒரு முழம் நகர்ந்தாலும் அது உடையாது. நான்கு மாதமாக, காலையும் மாலையும், அவள் அதைப் பார்த்து "முழுசாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள்.

மண்டபத்தில் நர்சுகள் யாரோ ஒரு டாக்டரைப் போல நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அத்தையின் தோள் குறுகியது.

போனை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சார், அஞ்சாம் நம்பர்ல காகிதம் கிழிஞ்சிருக்கு சார்."

"காகிதமா? அத அன்னைக்கே எடுக்கச் சொன்னேனே?"

"தப்புதான் சார். ஆனா கிழிஞ்சிருக்கு."

"மழைல காகிதம் ஊறிக் கிழியும்மா. என் மேஜை மேல இருக்கிற நோட்டே ஊறிப்போய்க் கிடக்கு. கண்ணாடி எப்படி இருக்கு?"

"கண்ணாடி முழுசாத்தான் சார் இருக்கு. ஆனா சாந்து..."

"முழுசா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "முழுசு சார்."

"அப்ப மழை விடுற வரைக்கும் எல்லாரும் உள்ளயே இருக்கட்டும். இருபத்தாறு வயசானவங்கள இந்த மழைல படில இறக்கி இன்னொரு இடுப்பு உடைஞ்சா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

போன் நின்றது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. வாசலுக்கு வெளியே படிகளில் தண்ணீர் ஓடைபோல இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். சுவர் விழாமல் போய், இறங்குகிறவர்களில் ஒருவர் விழுந்துவிட்டால்? அவள் அந்த டைப்ரைட்டர்காரரைத்தான் நினைத்திருப்பாள். கழுத்தில் தொங்கிய விசிலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திண்டில் உட்கார்ந்திருந்த ஒரு குண்டு நர்ஸ் கையில் இருந்த ரொட்டியை உற்றுப் பார்த்தார். அதன்மேல் பொடிப்பொடியாக ஏதோ விழுந்திருந்தது. ஊதிவிட்டுச் சொன்னார்: "உப்பு கம்மியா இருக்குன்னு நெனச்சேன். மேல இருந்தே தூவுறாங்கடி!"

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி பொடி விழுந்தது. இந்த முறை அது விழும் சத்தம் எனக்கே கேட்டது. யாரோ விரலால் மணலைத் தேய்ப்பது போல.

அத்தை விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் திணித்தாள். "இத நீ வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா ஊதிருவேன். ஊதினா ஓடுவாங்க."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, கட்டைவிரலைக் கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தினாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். கடிகாரம் ஒரு முறை துடிப்பது போல. அவள் விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியது.

"உடைஞ்சிருச்சு" என்றாள் என்னைப் பார்த்து. "இப்ப நான் மூடலாம்."

தெருவைக் கடக்க அடுத்தவர் கையைப் பிடிக்கிறவள், நேராகப் பெரிய சிஸ்டரிடம் போய் நின்றாள். "அக்கா, மண்டபத்த மூடணும். யாரும் ஓடக் கூடாது. படி வேண்டாம், வழுக்கும். வெளிய தூபிகிட்ட வெட்டவெளில நிக்கணும். நனைவீங்க. நனைஞ்சா காயலாம்."

பெரிய சிஸ்டர் அத்தையின் முகத்தைப் பார்த்தார், கையில் வழியும் ரத்தத்தைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ரொட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்கடி. ஜோடி ஜோடியா கையப் பிடிங்க. வார்டுல தீப்பிடிச்சா எப்படி எறக்குவோம்? அதே மாதிரி. முட்டிவலிக்காரி முன்னால, வாயாடி கடைசில."

"நான்தான் வாயாடியா?" என்றார் உப்புக்காரர்.

"இப்ப கேட்டியே, அதுலயே தெரியுது. நட."

பதின்மூன்று ஜோடிகள். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஒவ்வொரு ஜோடியும் வாசற்படியைத் தாண்ட எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு பரீட்சை எழுதிய நேரமாக இருந்தது. அத்தை வெளியே வரவில்லை. ஐந்தாம் எண்ணுக்குக் கீழே நின்று, ஒவ்வொருவர் முதுகையும் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசி ஜோடி தாண்டிய பிறகுதான் வந்தாள். வந்ததும் மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நர்சுகள் அவள் கட்டைவிரலைப் பிடித்து, தொப்பியைக் குடையாக வைத்து, கட்டுப் போட்டார்கள்.

அரைமணி நேரத்தில் மேற்பார்வையாளர் மழைக்கோட்டோடு ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. மழை அதற்குள் தூறலாகியிருந்தது. மண்டபத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"போன்ல முழுசுன்னு சொன்னீங்க. எப்ப உடைஞ்சுது?"

அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீங்க போனை வச்ச உடனே சார். தானா உடைஞ்சுது. நான் பாத்தேன்."

"அவ பொய் சொல்றா சார்" என்றாள் அத்தை. கட்டுப் போட்ட விரலை நீட்டினாள். "நான்தான் உடைச்சேன்." சாந்தைப் பற்றியும் சொன்னாள். ஈரச் சுவர், நான்கு மாதம், பயம், எல்லாவற்றையும் நர்சுகள் முன்னாலேயே சொன்னாள்.

அவர் அந்த விரலைப் பார்த்தார். "புலி வருது, புலி வருதுன்னு சொல்லிட்டிருந்தீங்க. இன்னைக்கு நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். நோட்டையும் வாசல் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலைல நானே பாக்குறேன். சுவரு அசையலன்னா நீங்க இனிமே மேல வர வேண்டாம்."

"ஒரு காகிதம் ஒட்டிட்டுப் போகட்டுமா சார்?"

"நீங்க எதையும் தொட வேண்டாம். நான் ஒட்டுறேன்."

"அப்ப சுவர விளக்கு வச்சுக் காயவச்சுட்டு ஒட்டுங்க சார். அரைமணி நேரம் ஆகும்."

அவருக்குத் தனியாக அங்கே நிற்க விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அத்தை அவரோடு உள்ளே போனாள். என்னை வாசலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள். அவர் விளக்கைப் பிடித்திருக்க, அவள் பக்கத்தில் நின்றாள். நான்கு மாதம் முன்பு நிற்காத அந்த அரைமணி நேரத்தை அன்று நின்றாள். வாசலிலிருந்து பார்த்தால் அவள் புடவைத் தலைப்பின் நுனி நடுங்குவது தெரிந்தது. ஒட்டி முடித்ததும் மேற்பார்வையாளர் காகிதத்தின் மேல், விரிசலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நீளமாகக் கையெழுத்துப் போட்டார். அத்தை கீழே தரையைத் துடைத்தாள். அவர் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை அத்தை வீட்டுக்கு நானும் போனேன். மாமா வழக்கம்போல ஏதோ கேலியாக ஆரம்பித்தார். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, டீ போடப் போனார். அறை நடுவில் கிடந்த கட்டிலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். டீ வருவதற்குள் சொன்னாள்.

"பதினோரு வருஷமா அது விழக் கூடாதுன்னு பாத்துக்கிட்டேன். இப்ப விழணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்டி. விழலேன்னா வேலை போயிரும். அந்தக் கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர் மேல விழும். இருந்தும் விழணும்னுதான் தோணுது. எப்பேர்ப்பட்டவ பாரு நான்."

அவள் பயந்து பார்த்திருக்கிறேன். தன்னைப் பார்த்தே பயந்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர், அத்தை, நான் மூவரும் ஏறினோம். மழை இல்லை. அத்தை ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. மண்டபம் அப்படியே நின்றது. புத்தர் அப்படியே இருந்தார். மேற்பார்வையாளர் பூட்டைத் திறந்து உள்ளே போனார். வாசலில் நின்றபடி நாங்கள் பார்த்தோம். அவர் டார்ச்சைத் தூணின் மறைவில் அடித்தார்.

அவருடைய கையெழுத்து இரண்டாகப் போயிருந்தது. முன்பாதி விரிசலுக்கு இந்தப் பக்கம், பின்பாதி அந்தப் பக்கம். நடுவில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு இருட்டு. துடைத்துவிட்டுப் போன தரையில் ஒரு கைப்பிடி மண்.

அவர் ஒரு அடி பின்னால் வந்தார். இன்னொரு அடி. பிறகு திரும்பி, தூங்குகிறவர்களை எழுப்பாமல் நடக்கிற மாதிரி வெளியே நடந்து வந்தார். அத்தையின் நடை அப்படியே. எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் நோட்டை அத்தையிடம் கொடுத்தார். அவள் தூபியின் மேட்டில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலோடு எழுதினாள். ஐந்தாம் எண் கண்ணாடியை நேற்று நானே உடைத்தேன். அதற்கு முன் நான்கு மாதம் அதைப் பற்றி நான் எழுதியதை நம்ப வேண்டாம். சாந்து ஈரச் சுவரில் வைத்தது.

எட்டிப் பார்த்த மேற்பார்வையாளர், "கடைசி ரெண்டு வரியும் வேண்டாம்மா. தலைமை ஆபீஸ்ல கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"எழுதலன்னா அடுத்து வர்றவளும் ஈரத்துல வைப்பா சார்" என்று சொல்லி, அடியில் தேதி போட்டாள்.

மண்டபத்துக்கு இப்போது மரச்சட்டங்களால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யாரையும் உள்ளே விடுவதில்லை. வேலை முடியும்வரை அத்தை வாசலுக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறாள். நான்கு மாதத் தவறுக்காக அடுத்த வாரம் விசாரணை. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அன்று சொன்ன பொய்யையும் சொல்லத்தான் வேண்டும் என்கிறாள். விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நேற்று என் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். இழுக்கும் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "அத்தை மாதிரி" என்று ஆரம்பித்தவள், முடிக்காமல், கட்டிலின் இன்னொரு முனையைப் பிடித்துத் தள்ளினாள்.